டிம்போவுக்கு எத்தனை உயிர்

3 மே 2025, சனி

எல்லாம் நான் சொன்னபடியே நடக்கிறது. டிம்போ படத்துக்கு இரண்டாம் பாகம் வரும் என்று முதல் பாகம் பார்த்த அன்றே சொன்னவன் நான். தங்கச்சி மகள் மலருக்கு நெஞ்சில் இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொல்வதற்கு ஒரு வருஷம் முன்பே சொன்னேன். பிள்ளை மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். தெப்ராவ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எந்த எஞ்சின் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்திலேயே தெரியும். இதற்கெல்லாம் ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பு வேண்டாம்.

படம் எட்டாம் தேதி. ஆபரேஷன் பதிமூன்றாம் தேதி.

5 மே, திங்கள்

வேலை முடிந்து பெர்மாஸ் ஜெயாவில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தேன்மொழி சமையலறையில் அழுதுகொண்டிருக்கிறாள். மலர் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறாள். படம் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாளாம். கூட்டத்தில் போய்ச் சளி பிடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும், தள்ளிப்போட நெஞ்சில் தெம்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து வயசுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது?

முதல் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது அவளுக்குத் துணையே டிம்போ வீடியோ கேம்தான். அதைத்தான் அப்புறம் படமாக எடுத்தார்கள். டிம்போ என்பது சுரங்கத்துக்குள் அலைகிற ஒரு குட்டிப் பிராணி. வயிற்றில் விளக்கு எரியும். விளக்கு அணைந்தால் செத்துப்போகும்.

"கேம்ல அதுக்கு மூணு லைஃப் இருக்கு மாமா. படத்துல எத்தன?"

"நான் போய்ப் பாத்துட்டு வந்து ஒரு சீன் விடாம சொல்றேன்டி."

"பொய் சொல்லக்கூடாது."

"மாமா என்னைக்குடி பொய் சொன்னேன்?"

சமையலறையில் தேன்மொழி அழுகையை நிறுத்திச் சிரித்தாள்.

காது குத்தும்போது தாய்மாமன் என்று என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். வலிக்கவே வலிக்காது என்றேன். வலித்தது. அதற்கப்புறமும் என்னை நம்புகிறாள்.

8 மே, வியாழன்

அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தியேட்டர் முழுக்கச் சின்னப் பிள்ளைகள். தனியாக வந்த பெரிய மனுஷன் நான் ஒருவன்தான். டிக்கெட் கிழிக்கிற பெண் என்னைப் படக் கம்பெனி ஆள் என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டாள்.

கடைசியில் சுரங்கம் இடிகிறது. கூட்டாளிகளைக் காப்பாற்ற டிம்போ தன் விளக்கைக் கொடுத்துவிட்டு விழுந்துவிடுகிறது. பேர் போட ஆரம்பித்ததும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நம் ஆட்கள் என்றைக்குக் கடைசிவரை உட்கார்ந்தார்கள்? நான் உட்கார்ந்தேன். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்து முறைத்தார், அப்போதும் எழுந்திருக்கவில்லை. பேரெல்லாம் ஓடி முடிந்தபின் ஒரு துண்டு சீன் வந்தது. டிம்போ இடது கண்ணைத் திறக்கிறது.

9 மே, வெள்ளி

ஒன்றரை மணி நேரப் படத்தை இரண்டரை மணி நேரம் சொன்னேன்.

"அப்ப இன்னொரு லைஃப் இருந்துச்சா?"

"இருந்துச்சுடி. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"சரி. போலாம்," என்றாள். தன் பையைத் தானே அடுக்கினாள்.

11 மே, ஞாயிறு

சோறு இறங்கவில்லை.

13 மே, செவ்வாய்

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு வரைக்கும் என் விரலைப் பிடித்திருந்தாள்.

"இடது கண்ணுதான மொதல்ல?"

"இடதுதான்."

மத்தியானம் முடிந்துவிடும் என்றார்கள். மாலை ஐந்தாகியும் யாரும் வரவில்லை. கமலநாதன், மலருடைய அப்பா, தினம் மோட்டாரில் சிங்கப்பூர் போய் வேலை பார்த்துத் திரும்புகிற மனுஷன், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், ஏதாச்சும் பேசுங்க லா. நீங்க சும்மா இருந்தா எனக்கு பயமா இருக்கு."

என்னத்தப் பேசுறது? புள்ள மாட்டேன்னுதான சொன்னுச்சு. நான்தான பேசிப் பேசி உள்ள அனுப்பினேன். ஐயோ, நான்தான—

ஆறரைக்கு டாக்டர் வந்தார். இதயம் ஓடுகிறது, இனிமேல் அவள்தான் எழுந்திருக்க வேண்டும் என்றார்.

14 மே

எழுந்திருக்கவில்லை. வாயில் குழாய், கையில் குழாய். தேன்மொழி என்னிடம் பேசவில்லை.

15 மே

இன்னும் இல்லை. இன்றோடு இரண்டு நாள். கண்ணாடிக்கு வெளியே நின்று இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொறடி. தொறடியம்மா.

16 மே, வெள்ளி

திறந்துவிட்டாள். காலை பத்து நாற்பதுக்கு!

முதலில் இடது கண்தானே என்று நர்ஸிடம் கேட்டேன். இரண்டும் சேர்ந்துதான் என்றாள். அவளுக்கென்ன தெரியும்?

12 ஜூலை, சனி

டிம்போ படம் இப்போது வீட்டு டிவியிலேயே வந்துவிட்டது. மலர் மாடியிலிருந்து தானே இறங்கி வந்து பார்த்தாள், மூச்சு வாங்கவில்லை. பேர் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டை யாரையும் தொடவிடவில்லை. கடைசி எழுத்து போய்த் திரை கறுப்பாகும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அது எழுந்திரிக்கவே இல்ல."

"சென்சார்ல வெட்டிட்டாங்க லா."

"கண்ணு தொறக்கிறதையா?" என்று கேட்டு என்னையே பார்த்தாள். "அப்ப நான் உள்ள போறப்போ முடிவு என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி சமையலறைக்குப் போய், அப்படியே பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளைக்கு மறுபடியும் கேட்பாள்.

எட்டாம் தேதி இந்த நோட்டில் நான் எழுதியது சரியில்லை. சுரங்கம் இடிந்ததும் டிம்போ வயிற்றில் விளக்கு மங்க ஆரம்பித்தது. முடிவைப் பார்க்காமலே எழுந்து வெளியே வந்துவிட்டேன். கார் பார்க்கில் நின்று, பிள்ளைகள் வெளியே வருகிறபோது அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டு வந்தார்கள்.

அந்தக் கண்ணை நானாகத்தான் வைத்தேன்.