பாறையைக் கேட்பவர்

பென்ஹெய்ல், வேல்ஸ்
வியாழக்கிழமை, மார்ச் 1905

அன்புள்ள கணவர் இத்ரிஸ் அவர்களுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் நலம், கோழிகளும் நலம். கார்டிஃப் துறைமுகத்தில் கரி அள்ளி உங்கள் இடுப்பு என்ன கதியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பிய கம்பளிக் காலுறை கிடைத்ததா என்றும் எழுதவில்லை. இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

முதலில் வீட்டுச் செய்தி. ஊரை விட்டுப் போவதற்கு முன்பு நீங்கள் வழக்கம்போலக் கோலை எடுத்துப் படுக்கையறைக் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டீர்களே, நினைவிருக்கிறதா? சுரங்கக் கூரை விழுமா என்று தட்டிக் கேட்பது போதாதா, வீட்டிலுமா என்று நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். போன செவ்வாய்க்கிழமை அந்த மூலைச் சாந்து மொத்தமாக இடிந்து விழுந்தது. கட்டில் பழைய இடத்திலேயே இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இல்லை. சாந்தைக் கூட்டி அள்ளிக்கொண்டே அழுதேன்.

உங்களோடு வேலை செய்த டோமோஸைப் பாறை விழுந்து கொன்றதிலிருந்து வடக்குச் சுரங்கம் பூட்டித்தான் கிடக்கிறது. ஆனால் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது என்கிறார்கள். என் தம்பி எம்லின் பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவனா? அவனே முகம் வெளுத்து வந்து, "அக்கா, டோமோஸ் அண்ணன்தான் தட்டுறாரு. எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு தட்டுறாரு" என்றான். எனக்கும் பாத்திரம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் டொக், டொக் என்று கேட்கிறது. திரும்பினால் மூலையில் நீங்கள் விட்டுப்போன கோல் மட்டும் சாய்ந்திருக்கிறது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். வரும் திங்கட்கிழமை வடக்குச் சுரங்கத்தைத் திறக்கிறார்கள். முதலில் இறங்குகிறவர்களில் எம்லினும் ஒருவன். கூரை பார்க்க உங்கள் இடத்தில் மேலாளர் தன் மைத்துனரைப் போட்டிருக்கிறார். "பொண்ணு பார்க்கப் போன வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி தட்டுறான் அக்கா. உள்ளேருந்து என்ன பதில் வருதுன்னு கேட்கவே மாட்டேங்கிறான்" என்று எம்லின் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று டோமோஸின் மனைவி லவ்ரி வந்தாள். அவர் உடலை எடுத்து அடக்கம் செய்த பிறகு நம் வாசலை மிதிக்காதவள். சாபம் கொடுக்கத்தான் வந்தாளோ என்று நினைத்தேன். அவள் அடுப்பருகே உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததைக் கேட்டாள். நீங்கள் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னதை அப்படியே சொன்னேன். சபையில் எழுப்புதல் ஜெபக்கூட்டம் முடிந்த மறுநாள், எல்லோரும் சுரங்கத்துக்குள்ளும் துதி பாடினார்கள். நீங்கள் கோலைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். பாட்டுச் சத்தத்தில் பாறையின் ஒலி அமுங்கிப்போனது. கர்த்தரைத் துதிக்கிறவர்களை எந்த வாயால் நிறுத்தச் சொல்வது என்று விட்டுவிட்டீர்கள். இரண்டாம் சரணம் முடிவதற்குள் கூரை இறங்கிவிட்டது.

லவ்ரி சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் பாட்டை எடுத்ததே என் வீட்டுக்காரர்தான்டி. நிறுத்துங்கடான்னு உன் புருஷன் கத்தியிருந்தா, தெய்வ பயம் இல்லாதவன்னு சபையில முதல் ஆளா எழுந்து சொல்லியிருப்பார். அவர் குணம் எனக்குத் தெரியாதா? நான் யாரைத் திட்டுறது, சொல்லு. உன் தம்பியாவது வீடு வந்து சேரட்டும். உன் புருஷனை வரச்சொல்லு."

பிரசங்கம் பண்ணத்தான் உங்களுக்கு ஆசை. பீடத்தில் ஏறியபோதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது. "எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுற கர்த்தர் என்னை மட்டும் மறந்துட்டார்" என்று புலம்புவீர்கள். ஐயோ பாவம் என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் சபையில் பேசுகிறவர்களுக்கா பஞ்சம்? அத்தனை பேர் உயிரையும் உங்கள் காதில் கொண்டுவந்து வைத்தது யார் என்று நினைத்தீர்கள்? அன்றைக்கு "வாயை மூடுங்கள்" என்று கத்தியிருந்தால் அதுதான் ஜெபம். அது உங்களுக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் ஓடிப்போனீர்கள்.

ஆட்கள் இப்போது ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். கூரை தட்டும்போது பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்களாம். சபை மூப்பரும் சரி என்றுவிட்டார். கேட்கத் தெரிந்தவர் இல்லாமல் அவர்கள் அமைதியாக நின்று என்ன பிரயோஜனம்?

சனிக்கிழமை மாலை ரயில் இருக்கிறது. வராவிட்டாலும் உங்கள்மேல் வருத்தமில்லை என்று எழுதப் பார்த்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. கோலைத் துடைத்து வாசலருகே வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரும்போது கதவைத் தட்ட வேண்டாம். தட்டும் சத்தம் கேட்டால் நான் திறக்க மாட்டேன், அவ்வளவு பயமாக இருக்கிறது. வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்கள்
நெஸ்டா