ஒரே எண், இரண்டு அளவு

ஜூன் 3, திங்கள்
நான் செய்த இணையதளத்தில், கூடைப் படத்தின் பக்கத்தில் இருக்கும் எண் 1 என்றே நின்றது. இரண்டு ஜோடி போட்டேனே? திரையில் பழைய பக்கமே நிற்கிறது என்று நினைத்து மூடிவிட்டேன்.

காலணிக் கடையின் இணையதளம் நன்றாக ஓடுகிறதாம். இந்த மாதம் முடிந்ததும் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். பத்தாவதோடு நின்றவளை! தலையை மட்டும் ஆட்டினேன். பொட்டலம் கட்டும் அக்கா சிரித்தாள். "ஊமைக்கோட்டான் இனிமே நம்மகிட்ட எங்க பேசப்போறா? இப்பவே பேசறதில்ல."

ஜூன் 5, புதன்
இந்த வாரத்தின் மூன்றாவது புகார். பிள்ளைகள் இருவருக்கும் ஒரே மாதிரிக் காலணி கேட்டிருக்கிறார்கள். ஒரு ஜோடிதான் போயிருக்கிறது. காசு மட்டும் இரண்டுக்கும் வாங்கியாகிவிட்டது. முதலாளி அக்காவைப் பிடித்துக்கொண்டார். திரையில் இருப்பதைச் சீட்டில் எழுதி, அதன்படி கட்டுவது அவள் வேலை. அனுப்பியதும் ஆர்டர் திரையிலிருந்து அழிந்துவிடும்.

"இருந்ததத்தான் சார் எழுதினேன்."

"கம்ப்யூட்டர் மறக்குமா? நீங்கதான் மறந்திருப்பீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

ஜூன் 6, வியாழன்
ஐயோ, நான்தான்.

வாங்க வருகிறவர் ஒவ்வொருவருக்கும் சர்வர் ஒரு செஷன் வைத்திருக்கும். அவர் எந்தப் பக்கத்துக்குப் போனாலும், எடுத்ததை அது மறக்காது. அதற்குள் கூடையை ஓர் அர்ரேயாக வைத்தேன் — பெயர் ஒட்டிய அறைகள் மாதிரி. காலணியின் எண்ணையே அறைக்குப் பெயராக வைத்தேன். அளவைச் சேர்க்கவில்லை. 214-இல் அளவு 11 போட்டுவிட்டு அளவு 13 போட்டால், அதுவும் அதே அறைக்குத்தான் போகிறது. 11 காணாமல் போகிறது. மொத்தத் தொகையை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

தளத்தைத் திறப்பதற்கு முன் சோதித்தபோதெல்லாம் வேறு வேறு காலணியைத்தான் போட்டுப் பார்த்தேன்; திங்கட்கிழமை மட்டும் தற்செயலாக ஒரே காலணி, அதனால்தான் எண் 1. ஒரே காலணியை இரண்டு அளவில் யார் வாங்குவார்கள் என்று — எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லையே.

திருத்த ஒரு வரி போதும். சத்தமில்லாமல் ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. யாருக்குமேவா?

ஜூன் 7, வெள்ளி
காலையில் ஏற்றிவிட்டேன். இனி எதுவும் குறையாது.

சாயங்காலம் முதலாளி அக்காவைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு இருடி. கெடச்ச வேலைய நீயே கெடுத்துக்காத." என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? அவங்க என்ன தப்பு பண்ணாங்க?

ஜூன் 8, சனி
பழைய கோப்பை என் கணினியில் மட்டும் மறுபடி போட்டுவைத்தேன். முதலாளியைக் கூப்பிட வாய் வரவில்லை. அவர் மேசை முன்னால் போய் நின்றேன். என்னம்மா என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். 214, அளவு 11 போட்டேன். பிறகு 13. கூடையில் 13 மட்டும் இருந்தது. தொகை இரண்டுக்கும்.

அவரே உட்கார்ந்து இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

"இத யாரு செஞ்சது?"

"நான்தான் சார்."

"மொதல்ல போய் அவங்ககிட்ட சொல்லு. திங்கக்கிழமை வரச் சொல்லு. உன் கதைய அப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமை."

அவள் டேப்பை நீளமாக இழுத்துக் கிழித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.