காதைத் தொட்டான் நவீன்

ஜூலை 12, சனி, இரவு 11.20. இன்று அலசிய ஜோடிகள் ஆறு.

ப்ராக்டிஸ் முடிந்து மந்தைவெளி டீக்கடையில் வழக்கமான தர்க்கம். வெளிநாட்டு பாஸ்கெட்பால் அணிகளில் முதலில் இறங்கி பந்தை நடத்தும் இரண்டு கார்டு ஆட்டக்காரர்களில், எந்த அணியின் ஜோடி உசத்தி? எங்கள் கிளப்பில் அந்த ஜோடி நானும் கார்த்தியும். போன வாரம் வரை கார்த்தி குள்ள ஜோடிக்குத்தான் முதலிடம் கொடுத்தான். இன்று தலைகீழ்.

"ரெண்டு பேரும் குள்ளமா இருந்தா தலைக்கு மேல போட்டுட்டுப் போய்டுவானுங்க மச்சி. ஒருத்தனாவது ஹைட் வேணும்."

"நீ என்ன ஆறடியா?" என்றேன்.

"பொதுவா சொல்றேன்டா. உனக்கு ஏன் சுடுது?"

நங்கநல்லூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த நவீன் பக்கத்தில் இருந்தான். அவன் ஆறடிக்கு மேல். எல்லாரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. பிறகு போனில் ஒரு கிளிப் பார்த்தோம். ஆட்டக்காரன் தன்னைத் தடுப்பவனுக்குப் பின்பக்கமாக வெட்டி ஓடப் போகும் நேரத்தில், நவீன் தன்னையறியாமல் இடது காதைத் தொட்டான்.

அது எங்கள் சைகை. 'பின்னால் ஓடு, பந்து வரும்' என்று கார்த்தியும் நானும் மட்டும் வைத்துக்கொண்டது. கோச்சுக்கே தெரியாது. அப்படியென்றால் இவர்கள் எனக்குத் தெரியாமல் சேர்ந்து ஆடுகிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை, ஆட்டத்தில் முதலில் இறங்கும் ஐந்து பேரை கோச் அறிவிக்கிறார்.

நாளைக்கு:
1. காலையில் சொல்லாமல் மைதானத்துக்குப் போய், யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது.
2. ஆட்டத்தில் நான் காதைத் தொட்டு, நவீன் ஓடுகிறானா என்று கவனிப்பது.
3. கார்த்தியிடம் நேராகக் கேட்பது. இதுதான் ஒண்ணாவதா இருக்கணும்.