பாஹிமுக்குக் கேட்கும் என் குரல்

அன்பு றுக்கியாவுக்கு ஸலாம். கட்டாரில் நான் சுகம், என் தொப்பையும் சுகம். கிண்ணியாவில் நீங்கள் இருவரும் எப்படி?

நம் மகனின் டாக்டரோடு போனில் கதைத்தேன். இல்லாத குரல் கேட்கும் இந்த வருத்தம், தாய் வயிற்றில் மூளை உருவாகும்போதே தொடங்கி, வாலிபத்தில் வெளிப்படலாமாம். அவன் வயிற்றில் இருக்கையில் நீ கிரகணத்தன்று மீன் வெட்டியதால் வந்ததல்ல. இனி அதை நினைத்து அழாதே.

பிறகு பாஹிமிடம் கேட்டேன்.

"அந்தக் குரல் என்ட குரலிலயா ஏசுது, மகன்?"

"ஓம், வாப்பா."

"நானெண்டா முதல்ல 'சாப்பிட்டியா'ண்டுதானே கேப்பன்?"

சிரித்துவிட்டான். "அது ஒருநாளும் கேக்கல்ல, வாப்பா."

டாக்டர் தந்த குளிசையை அவனுக்குக் கொடுப்பதை நிறுத்திவிடாதே. பகல் சாப்பாட்டு நேரம் அவனை எனக்குப் போன் எடுக்கச் சொல். இங்கே என்னையும் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க ஆளில்லை.

வேலைக்குப் போகும் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

உன் அபூதாஹிர்