எமில் பார்க்கும் தொடர்

1983 பிப்ரவரி 14, திங்கள்

பனியிலும் கடையில் இரண்டு சலவை இயந்திரங்கள் விற்றுப்போயின. சரக்குக் கம்பெனியிலிருந்து புது ஆள் வந்தான். என்னைப் பார்த்துவிட்டு, முதலாளி இல்லையா என்றான். அவள்தான் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றேன். காது சிவந்துபோய், கேட்காமலே தள்ளுபடி கொடுத்தான். இப்படி தினம் ஒருத்தன் வந்தால் தேவலை.

மதியம் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்குப் போனேன். முன்னறைத் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. எமில் டிவி முன்னால். தினம் இரண்டு மணிக்கு வரும் தொடர். என்னைக் கண்டதும் எழுந்து அணைத்தான். வானிலை பார்த்தானாம். கண் ஈரமாக இருந்தது. வானிலைக்கு யார் அழுவார்கள்?

உருக்காலையில் கொதிக்கும் இரும்போடு நின்ற ஆள். ஆலை அவனை வீட்டுக்கு அனுப்பி ஒரு குளிர்காலம் ஆகப்போகிறது. இஸ்திரி போடும் பெண்களுக்கென்று எடுத்த அழுகாச்சியை, என் புருஷன், பட்டப்பகலில் — வெட்கமாக இருந்தது. எனக்குத்தான்.

பிப்ரவரி 16, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு நாள் முழுக்க வியாபாரம்.

என் கடையில் ஒரு வழக்கம். பெண் தனியாக வந்தால் டிவிகளில் தொடர் ஓடும். ஆண் வந்தால், தலைக்கவசம் போட்டு மோதும் பழைய கால்பந்து ஆட்டத்தின் வீடியோ நாடாவைப் போடுவேன். ஜோடியாக வந்தாலும் கால்பந்துதான், பணப்பை அவன் பையில் இருப்பதால். இதை நானே கண்டுபிடித்தேன் என்று பெருமை. ஆனால் அந்தத் தொடரை ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை. பார்த்தால் நானும் 'அந்த மாதிரிப் பெண்' ஆகிவிடுவேன், சரக்குக்காரன் மதிக்க மாட்டான் என்ற பயம்.

பிப்ரவரி 17, வியாழன்

எமிலோடு ஒரே ஷிப்டில் இருந்த ரோமன், மச்சானோடு டிவி வாங்க வந்தான். படம் மங்கல் என்று இழுத்தார்கள். வியாபாரம் நழுவுவது தெரிந்தது. "மங்கலா? வீட்ல இதே செட்டுதான். எங்க எமில் தினம் ரெண்டு மணிக்கு அந்தத் தொடரைப் பாத்து மூக்கை உறிஞ்சிட்டிருக்கான். அவ்ளோ தெளிவு" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். "முதலாளியம்மா, பொய்தானே?" என்றான் ரோமன். பொய் என்று சொல்லியிருக்கலாம். ரசீது எழுதினேன்.

பிப்ரவரி 18, வெள்ளி

தவக்கால வெள்ளி, இறைச்சி கூடாது, வழக்கம்போல மதுக்கடையில் மீன் வறுவல். எமிலின் முக்காலியில் ரிப்பன் கட்டிய சலவைத்தூள் பெட்டி. அந்த மாதிரித் தொடர்களுக்குச் சோப்புக் கம்பெனிதானே படியளக்கிறது. யாரோ, "சீமாட்டிக்கு வழி விடுங்கப்பா" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு.

எமில் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தான். உட்காரவில்லை. வெளியே போய்விட்டான்.

காரில் ஒன்றே ஒன்று சொன்னான். "உனக்கு ஒரு டிவி வித்தாகணும். அவ்ளோதானே?"

பிப்ரவரி 19

எமில் தனியாகச் சாப்பிட்டான். நானும்.

பிப்ரவரி 21, திங்கள்

வீட்டு டிவியை அவனே தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். பழைய செட்டுகளோடு சேர்த்து வைத்தான். "வித்துடு. இதுக்கும் ஏதாவது கதை சொல்லு."

பிப்ரவரி 24, வியாழன்

எழுதினால் பயம் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

கடையிலிருந்து வந்தபோது வீடு இருட்டாக இருந்தது. எமில் கராஜில், காருக்குள். எஞ்சின் ஓடவில்லை. சாவி கையில். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றான். சாவியைக் கேட்டேன். எதுக்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்தான். அதுதான் பயமாயிருக்கிறது. அவன் எதையும் அப்படிக் கொடுக்கிறவன் இல்லை.

போன மாதம் ஃபீலிக்ஸைப் புதைத்தோம். அவனும் எமிலின் ஷிப்ட்தான்; அவனையும் அவன் கராஜில், காருக்குள்தான் கண்டெடுத்தார்கள். பாதிரியார் விபத்து என்றார், நாங்களும் விபத்து என்றே சொல்லிக்கொள்கிறோம்.

கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன்.

பிப்ரவரி 26, சனி

டாக்டரைப் பார்க்க வர மாட்டேன் என்கிறான். சாவி என் உள்பையில். சாவியை ஒளிக்கலாம், மனுஷனை எங்கே ஒளிப்பது?

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்தைத் தவறவிட்டால் மதுக்கடையே அழும். ரோமன் அழுது நான் பார்த்திருக்கிறேன், முகம் தெரியாத ஒரு தலைக்கவசத்துக்காக. அவனுக்கு யாராவது சலவைத்தூள் அனுப்பினார்களா? ஆண் பார்த்தால் ஆட்டம், பெண் பார்த்தால் வெட்டிக்கதை, அதையே ஆண் பார்த்தால் அவமானம். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதைக் கடையில் வைத்து விற்றவளே நான்தான்.

பிப்ரவரி 28, திங்கள்

ஒரு மணிக்கே கடையைப் பூட்டினேன். டிவியை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். திரைகளைத் திறந்தே வைத்தேன். தெருவில் போகிறவன் பார்த்தால் பார்க்கட்டும்.

எமில் சமையலறையை விட்டு வரவில்லை. நான் மட்டும் உட்கார்ந்தேன். ஒன்றும் புரியவில்லை. சிவப்பு உடைக்காரி தன் கணவனையே யாரென்று கேட்கிறாள், இன்னொருத்தி கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். இவள் யார், அவனுடைய முதல் மனைவியா என்று சத்தமாகவே கேட்டேன்.

சமையலறையிலிருந்து எமிலின் குரல், "தங்கச்சி."

"யாரோட தங்கச்சி?"

"எல்லாத்தையும் இப்பவே சொல்ல முடியாது. பாரு."

மார்ச் 3, வியாழன்

இன்று வாசல்படி வரை வந்து நின்றே பார்த்தான். விளம்பரம் வந்தபோது கேட்டேன், கிண்டலாக இல்லை, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று.

கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். "இதுல ஒருத்தனும் வேலைக்குப் போறதில்ல. அதுக்காக நீ யாருன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல." அப்புறம், "ஒருத்தி உக்காந்து, என்ன ஆச்சு உனக்குன்னு கேக்கறா. அவன் சொல்றான். தினம். நம்ம வீட்ல யாரு கேட்டா?"

கேட்கவில்லைதான். வேலை தேடினாயா என்று கேட்டேன். குழாயைச் சரி பண்ணினாயா என்று கேட்டேன்.

மார்ச் 4, வெள்ளி

மீன் வறுவலுக்குப் போகவில்லை. வீட்டில் முட்டை.

மார்ச் 7, திங்கள்

ரோமன் கடைக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தச் சலவைத்தூள் பெட்டியை வைத்தது அவன்தானாம். "எமில்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, முதலாளியம்மா. நானும் அந்தத் தொடரைப் பாத்துட்டுதான் இருக்கேன். எல்லாரும் அவனைக் கிண்டல் பண்ணினதால என்மேல யாருக்கும் சந்தேகம் வரல."

அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் நான் செய்ததைவிட அவன் செய்தது பெரிதா? எமிலிடமே போய்ச் சொல் என்றேன். போனானா தெரியாது.

மார்ச் 10, வியாழன்

எமில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் சோபாவில். கதை நல்ல கட்டத்தில் இருந்தது, சிவப்பு உடைக்காரிக்கு நினைவு திரும்புகிறது. நான் திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தேன். கேட்டால் சிரிப்பானோ, எழுந்து போவானோ என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"என்ன ஆச்சு உனக்கு, எமில்?"

அவன் எழுந்தான். போகிறான் என்றே நினைத்தேன். டிவியை அணைத்துவிட்டு, வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கடையைத் திறக்க நான் திரும்பிப் போகவில்லை. அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவனுடையது. நாளை அவனோடு டாக்டரிடம் போகிறேன்.