மொரீஷியஸ் காகிதமும் கோயில் புத்தகமும்

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. போர்ட்பிளேரில் எங்கள் டாலிகஞ்ச் முழுக்கச் சேறு. தையல் கடைக்கு ஈ காக்காகூட வரவில்லை. இரண்டு பிளவுஸ் முடித்தேன். ஒன்றில் கை மாறிப்போய், பிரித்துத் தைத்தேன்.

மத்தியானம் கோர்ட் நோட்டீஸ். என் வீட்டுக்காரர் இறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, வண்டூரில் இருக்கும் அவர் அண்ணன் வழக்குப் போட்டுவிட்டார். என் மகள் ஸ்டெல்லாவின் பெரியப்பா! வீட்டில் பங்கு வேண்டுமாம். மாதா கோயில் கல்யாணப் புத்தகத்தில் இருக்கும் தேதிக்கு ஒன்றரை வருடம் முன்பே ஸ்டெல்லா பிறந்துவிட்டாளாம். அதனால் முறையான மகள் இல்லை, வாரிசும் இல்லை. பிள்ளை இல்லாதவன் சொத்தில் எனக்குப் பாதி, கூடப்பிறந்தவர்களுக்குப் பாதி. அவள் ஞானஸ்நான விருந்தில் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து தின்ற மனுஷன்.

நோட்டீஸை ஸ்டெல்லாதான் படித்தாள். "அம்மா, நான் கல்யாணத்துக்கு முன்னாடியா பொறந்தேன்?"

இருபத்தைந்து வயசு, பள்ளிக்கூட டீச்சர். அரிசி களையப் போய்விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மொரீஷியஸ். நான் கார்மெண்ட் கம்பெனியில் தையல், அவர் துறைமுகத்தில் மெக்கானிக். அங்கே ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். ஒரே வீட்டில் இருக்க ஒரு பேப்பர், அவ்வளவுதான் என்று என் நினைப்பு. ஸ்டெல்லா அங்கேதான் பிறந்தாள். பிறகு போர்ட்பிளேர் வந்து, பிள்ளையை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டேன். சாமியார் முன்னால் நடந்தால்தானே எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம். ரேஷன் கார்டு, பாங்க், அவர் வேலை பேப்பர், எல்லாவற்றிலும் கோயில் தேதிதான். வருஷா வருஷம் கேக் வெட்டியதும் அன்றுதான். எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம்.

முறையில்லாமல் பெற்றேன் என்று இத்தனை வருஷமும் உள்ளுக்குள் ஒரு முள். அதையும் சொன்னேன். ஸ்டெல்லா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வந்தாள். "குழம்புல உப்பு இல்ல" என்றாள். உயிர் வந்தது.

ஜூலை 10, வியாழன்

வக்கீலம்மாவைப் பார்த்தோம். மதுரைப் பக்கம், ஸ்டெல்லாவைவிட ஐந்தாறு வயசுதான் கூட இருக்கும். மேஜையில் பாதி கடித்த சமோசா. கதையைக் கேட்டதுமே சிரித்தார்.

"ஆன்ட்டி, நிலமும் வீடும் இங்க இருக்கு, அதுக்கு இங்க உள்ள சட்டம். ஆனா கல்யாணம் எந்த முறையில நடக்கணும்னு அது நடந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். அங்க ரிஜிஸ்டர் பண்ணுனதே கல்யாணம்னா, இந்தக் கோர்ட்டும் அத கல்யாணம்னுதான் எடுத்துக்கும். ரெண்டு பேரும் வயசு வந்தவங்க, வேற கல்யாணம் எதுவும் கிடையாது. அப்புறம் என்ன?"

"அப்பம் கோயில்ல நடந்தது?"

"அது உங்க மனசுக்கு."

என் வீட்டுக்காரர் மொரீஷியஸில் சிநேகிதரோடு வைத்திருந்த இன்ஜின் ரிப்பேர் கம்பெனியிலும் பெரியப்பா பங்கு கேட்டிருக்கிறார். கம்பெனி எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுச் சட்டம், அங்கே போய்த்தான் கேட்க வேண்டுமாம். பாராடாங் தீவுக்குப் போகும் குட்டி ஃபெரியிலேயே வாந்தி எடுக்கிற ஆள். போகட்டும்.

இனி அந்த மொரீஷியஸ் பேப்பர் வேண்டும். அது இருந்தால் ஸ்டெல்லா மகள். இல்லாவிட்டால்? யோசிக்க மாட்டேன்.

ஜூலை 12, சனி

தேடிய இடங்கள்:
அவர் டூல் பெட்டி. ஸ்பேனர், பழைய கரண்ட் பில்.
பைபிளுக்குள். அந்தோணியார் படம், ஒரு பல் டாக்டர் சீட்டு.
பீரோ மேல் சூட்கேஸ். கிடைத்தது. கரையான் தின்றது போக என் பெயரில் மூன்று எழுத்துதான் மிச்சம்.

அழுதேன். ஸ்டெல்லா அழவில்லை. மொரீஷியஸில் இருக்கும் அப்பாவின் சிநேகிதருக்கு உடனே போன் போட்டாள். அரசாங்க முத்திரையோடு நகல் எடுத்து அனுப்புகிறாராம். நல்ல மனுஷன், வாட்ஸ்அப்பில் பூ பூவாய் அனுப்புகிறார்.

ஜூலை 31, வியாழன்

நான்கு நாளாகக் கூரியர் ஆபீசுக்கு நடை. "பஹன்ஜி, ஃப்ளைட் கேன்சல், கல் ஆனா." நாளைக்கு வா, நாளைக்கு வா, இதே பாட்டு. இன்று கோபத்தில் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு வந்தது.

பாதி ஃபிரெஞ்சு, பாதி இங்கிலீஷ். அவர் பெயர், என் பெயர், தேதி. ஸ்டெல்லா பிறப்பதற்குப் பதினோரு மாதம் முன்பு. விரல் விட்டு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். வரும் வழியில் கால் கிலோ ஜிலேபி.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில்! கோர்ட்.

பேப்பரைப் பெரியப்பாவின் வக்கீல் வராந்தாவில் நின்று இரண்டு தடவை படித்தார். பெரியப்பாவைத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது இது மட்டும்தான்: "ஜீத்னே கா சான்ஸ் நஹி ஹை, பாய்சாப்." ஜெயிக்க வழியே இல்லையாம். உள்ளே கூப்பிட்டதும் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். மொத்தம் ஐந்து நிமிஷம்.

வெளியே பெரியப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே ஸ்டெல்லாவிடம் வந்தார். "நல்லாருக்கியாளா?"

"ஒங்க தம்பி மவ நல்லாத்தான் இருக்கேன், பெரியப்பா."

மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. என் வயிறு குளிர்ந்தது. பாவம் என்றும் தோன்றியது, கொஞ்சம்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் நாளைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். கடன் வாங்கிக் கட்டிய நீலச் சேலை. சாட்சிக்கு அவர் கூட வேலை பார்த்த இரண்டு பேர். ஆபீசர் ஃபிரெஞ்சில் ஏதோ கேட்க, இவர் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று தடவை 'ஆமா' சொன்னது. கடற்கரையில் நின்று ஆளுக்கொரு பருப்பு ரொட்டி தின்றது. சாயங்கால ஷிஃப்டுக்கு நான் ஓடியது. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நல்ல கதைய ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"அது கல்யாணம்னு எனக்கே இப்பம்தானளா தெரியும்."