பல்கலைக்கலகம்

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

நம் நகரத்துக்கும் ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டது. கட்டிடம் என்று பெரிதாக இல்லை. மூடிக்கிடந்த பேருந்துப் பணிமனைதான். பலகை எழுதியவர் ழகரத்தைக் கோட்டைவிட்டு, 'பல்கலைக்கலகம்' என்று எழுதி வைத்துவிட்டார். துணைவேந்தர் அண்ணாந்து பார்த்தார். "இருக்கட்டுமே. கலகம் பண்ணித்தானே இது கிடைச்சுது!" என்றார். உண்மைதான். இதற்காக ஊரே வருஷக்கணக்கில் தெருவில் நின்றது.

பகலில் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் படிக்கிறார்கள். மொழிப் பாடம் எனக்கு. ஓய்வு பெற்றவளை விடமாட்டேன் என்கிறார்கள். நேற்று ஒரு நடத்துநர் எழுந்து, "டீச்சர், கொஞ்சம் மெதுவா. பாதி ஸ்டாப்பிங்ல நிக்காமலே போறீங்க" என்றார். வகுப்பே சிரித்தது.

வேதியியலுக்குத்தான் ஆள் இல்லை. மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் அறிவியல் பிரிவே கிடையாதாம். வெளிநாட்டில் நீ இத்தனை காலம் நடத்திய பாடம்தானே? வாயேன்டா. ஆசிரியர் தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

கலகத்துக்கா கூப்பிடுகிறாய்? ஆய்வகம் உண்டா? எனக்குத் தனி அறை? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! கட்டிடம் எழும்பட்டும். துறைத்தலைவர் பதவி என்றால் வருகிறேன்.

தம்பி


மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

சட்டியையே இப்போதுதானடா வனைகிறோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்யாண வீட்டுக்குப் பந்தி நேரத்தில் வருகிறவரும் உறவுதான். முதல்நாளே வந்து காய் நறுக்குகிறவரும் உறவுதான். எங்களுக்கு இப்போது காய் நறுக்க ஆள் வேண்டும்.

மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண் வந்தாள். ஆய்வகம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். பேருந்து கழுவும் இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "குழாய் இருக்கு, தண்ணி போக வழி இருக்கு, காத்தும் வருது. என்னிக்கு ஆரம்பிக்கலாம்?" என்றாள்.

அவளையே துறைத்தலைவராகப் போட்டுவிட்டோம். முதலில் கை தூக்கியது நான்தான். அறிவியல் பிரிவு பிழைத்தது. கோபப்படாதே என்று சொல்லமாட்டேன். கோபத்தோடாவது எழுது.

உன் அக்கா


மே 6

அக்கா,

கோபம் வந்தது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கூடப்பிறந்தவளே இப்படியா என்று வீட்டில் புலம்பினேன். "அக்கா கை தூக்கினது ஓட்டுப் போட இல்ல, உங்க காதைத் திருக" என்று சிரிக்கிறாள் உன் தம்பி பெண்டாட்டி.

விடுமுறைக்கு அங்கே வரலாமென்று இருக்கிறேன். பதவி வேண்டாம், அறையும் வேண்டாம். சோதனைக்குழாய் கழுவவும், பிந்தி வருகிறவர்களுக்குப் பாடத்தை மறுபடி சொல்லவும் ஆள் தேவையா என்று துறைத்தலைவர் அம்மாவிடம் கேட்டு எழுது. அவர் சரி என்றால்தான் டிக்கெட் எடுப்பேன்.

நீ என் அக்கா என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

தம்பி